பாலாம்பிகையின்ர பதினாறாம் இடம்

பாலாம்பிகை தன்ர வாழ்க்கையில ஒரு பந்தைக்கூட உதைச்சதில்லை. இதை முதலே சொல்லிப்போடுறன். ஏனெண்டால் லண்டனில புட்போலைப் பற்றி வாய் திறக்கிற எங்கட ஆம்பிளையள் அவவைப் பற்றி முதல் சொல்லுறது அதைத்தான். "உவவுக்கு என்ன தெரியும், ஒரு கோணர் கிக் அடிச்சிருப்பாவோ?" அடிக்கேல்லை. அவ ஆருக்கும் முழங்கால் மாத்தினதுமில்லை. ஆனால் முழங்கால் மாத்தக் காத்திருக்கிறவை எத்தினை பேர், எத்தினை கிழமையாக் காத்திருக்கினம், வாற மாரிக்கு அது எத்தினை ஆகும் எண்டு ஒரு பெரிய ஆசுப்பத்திரிக்கு இருபத்திரண்டு வருசமாக் கணக்குப் போட்டுக் குடுக்கிறது அவதான். அந்தக் கணக்கைப் பாத்துத்தான் டொக்ரர்மார் கத்தி எடுக்கினம். அவையள் ஒருத்தரும் அவவிட்ட கோணர் கிக் கேக்கிறேல்லை.

வயசு ஐம்பத்தெட்டு. வீடு ரெய்னர்ஸ் லேனில. ஆள் கட்டை, கதை அதைவிடக் கட்டை. ஒருக்கா கமிற்றித் தலைவர் வாமதேவன், "சராசரியாப் பாத்தால் எங்கட ரீமுகள் எல்லாம் நல்ல ரீமுகள்தானே அக்கா" எண்டார். அவ சொன்னா, "சராசரி எண்டுறது ஒருத்தரும் குடியிருக்காத வீடு, வாமதேவன்." அவ்வளவுதான். பிறகு தேத்தண்ணி குடிக்கப் போயிட்டா.

கமிற்றி எண்டால் எந்தக் கமிற்றி எண்டு சொல்ல வேணும். யாழ்ப்பாணத்துக் கல்லூரியளின்ர பழைய மாணவர் சங்கங்கள் இஞ்ச லண்டனில தெருவுக்கு ஒண்டு இருக்கு. கல்லூரி எண்டால் பல்கலைக்கழகம் இல்லை, ஏ-லெவல் வரைக்கும் படிச்ச பள்ளிக்கூடம். வருசத்தில ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜூலை மாதம், எல்லாக் கல்லூரியும் ரீம் கொண்டு வந்து விளையாடும். பக்கத்துக்கு ஏழு பேர். பாதிக்குப் பத்து நிமிசம். பழைய மாணவன் எண்டதுக்கு அத்தாட்சி பள்ளிக்கூடத்தால விலகேக்கை குடுக்கிற விடுகைப் பத்திரம். இஞ்ச பிறந்த பிள்ளையளெண்டால் அப்பன்ர விடுகைப் பத்திரம். வடை, கொத்து ரொட்டி, மைக் செற், பழைய சண்டை, எல்லாம் மைதானத்தில இருக்கும்.

ஒரு நாளில பதினாறு ரீம்தான் விளையாட ஏலும். ஆனால் இருபத்திமூண்டு ரீம் கேக்கும். அந்தப் பதினாறை எப்பிடித் தெரிவு செய்யிறது? பேரைப் பாத்து. பெரிய பள்ளிக்கூடம் உள்ளுக்கு. சின்னப் பள்ளிக்கூடம் வெளிய. பெரிய பள்ளிக்கூடத்து ரீமில பாதிப் பேருக்கு வயிறு முந்தி வரும், கால் பிந்தி வரும், எண்டாலும் உள்ளுக்கு. நானும் அந்தக் கமிற்றியில பதினொரு வருசம் செயலாளரா இருந்தனான். அந்த அநியாயத்தில என்ர கையெழுத்தும் இருக்கு.

பாலாம்பிகையின்ர மனிசன் கணேசலிங்கம் புளியங்கரை மகா வித்தியாலயத்தின்ர ரீமுக்கு மனேச்சர். தபால் வான் ஓடுறவர். நல்ல மனிசன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். புளியங்கரை சின்னப் பள்ளிக்கூடம். ஒரு வருசம் உள்ளுக்கு எடுத்தால் ரெண்டு வருசம் வெளிய விடுவினம். ஒன்பது வருசத்துக்கு முந்தி அவரோட சும்மா வந்து மடக்குக் கதிரையில குந்தியிருந்தவ பாலாம்பிகை. பக்கத்தில நாலு ஆம்பிளையள் எந்தப் பள்ளிக்கூடம் திறம் எண்டு அடிபட்டுக்கொண்டு நிண்டினம். "எண்பத்திரண்டில நாங்கள் ஏழு கோல் அடிச்சனாங்கள்" எண்டு ஒருத்தர்.

அவ திரும்பிக் கேட்டா: "ஆருக்கு அடிச்சனீங்கள்?"

"என்ன?"

"ஏழு கோல். ஆருக்கு?"

அவருக்கு ஞாபகமில்லை.

"ஆருக்கு அடிச்சதெண்டு தெரியாட்டி ஏழு எண்டது வெறும் நம்பர்" எண்டிட்டு, கைப்பைக்குள்ள கிடந்த கொப்பியை எடுத்து அண்டைக்கு நடந்த முப்பத்தொரு மட்ச்சையும் எழுதினா. அப்பிடித்தான் தொடங்கினது.

அவவின்ர கணக்கு கஸ்ரமான கணக்கில்லை. எல்லா ரீமும் நூறில தொடங்கும். திறமான ரீமை வெண்டால் கனக்கப் புள்ளி. நோஞ்சான் ரீமை வெண்டால் கொஞ்சப் புள்ளி. நோஞ்சானிட்டத் தோத்தால் நல்லா வெட்டு விழும். போன வருசத்து மட்ச்சுக்கு மதிப்புக் கூட, முந்தின வருசத்துக்குக் குறைய, மூண்டு வருசத்துக்கு முந்தினதெண்டால் பூச்சியம். எண்பத்திரண்டுக்கு அதில இடமே இல்லை. அதாலதான் கன பேருக்குக் கோவம்.

ஒவ்வொரு வருசமும் அந்தப் பட்டியலை ஒரு தாளில அடிச்சுக் கார் நிப்பாட்டுற இடத்தில நிண்டு குடுப்பா. ஆம்பிளையள் வாங்கி, தங்கட பள்ளிக்கூடம் எத்தினையாமிடம் எண்டு பாத்திட்டு, அதிலயே வடையைச் சுத்துவினம். எண்டாலும் பாத்திட்டுத்தான் சுத்துவினம். எட்டு வருசம் இப்பிடியே போச்சு. இந்த முறை மாரியில ரெண்டு பெரிய பள்ளிக்கூடம் இடத்துக்கு அடிபட்டு, வாமதேவனுக்குத் தலையிடி தாங்கேலாமல் அவவுக்குப் போன் எடுத்தார்.

"அக்கா, உங்கட பட்டியலையே எடுக்கப் போறம்."

"ஏன், நம்பிக்கை வந்திட்டுதோ?"

"இல்லையக்கா. ஆருக்கும் பிடிக்காட்டி உங்களைத்தான் திட்டுவாங்கள்."

"அது நியாயம்" எண்டு போனை வைச்சா.

ஏப்ரலில பட்டியல் வந்தது. பதினாறாமிடம் அரசடி இந்து, நூற்றிரண்டு தசம் நாலு. பதினேழாமிடம் புளியங்கரை, நூற்றொண்டு தசம் ஒன்பது. பதினாறோட கோடு கீறியாச்சு. அரைப் புள்ளியால கணேசலிங்கம் வெளிய.

அண்டைக்கு அந்த வீட்டில நடந்ததைக் கணேசலிங்கமே எனக்குச் சொன்னவர்.

"இஞ்சேரும், எத்தினை ரீம் எடுக்கினம்?"

"பதினாறு."

"நாங்கள் எத்தினையாமிடம்?"

"பதினேழு."

"நீர் இந்த வீட்டிலதானே இருக்கிறீர்?"

"ஓம்."

"நான் வாங்கித் தந்த லப்டொப்பிலதானே கணக்குப் போட்டனீர்?"

"லப்டொப் நான் வாங்கினது. நீங்கள் வாங்கினது ரீவி."

"அரைப் புள்ளி! போன வருசம் அந்த விசர் றெஃபரி குடுக்காத பெனல்ரி மட்டும் ஒரு புள்ளி வரும்."

"குடுத்திருந்தால் உங்கட ஆள் அடிச்சிருப்பாரோ?"

கணேசலிங்கம் யோசிச்சார். "மாட்டான்" எண்டார். உண்மையை ஒத்துக்கொள்ளுற மனிசன். எண்டாலும் மூண்டு நாள் சோத்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய் ரீவிக்கு முன்னாலதான் சாப்பிட்டவர்.

வெளியில கதை வேற மாதிரிப் போச்சு. சொந்த மனிசன்ர ரீமையே வெட்டின மனிசி எண்டு வெம்பிளிக் கடையள் வரைக்கும் பேர் பரவிட்டுது. அதுவரைக்கும் பட்டியலில வடை சுத்தினவை எல்லாம், "பொம்பிளை எண்டால் அதுதான் பொம்பிளை" எண்டு சொல்லத் தொடங்கிச்சினம். பட்டியலை ஒருத்தரும் கேள்வி கேக்கேல்லை. வெளிய நிண்ட ஏழு ரீமும் வாயை மூடிக்கொண்டு நிண்டது. ஒன்பது வருசத்தில அவவின்ர கணக்குக்கு முதல் மரியாதை வந்தது அந்தக் கணக்கால அவவின்ர வீட்டில ஒரு ஆளுக்குச் சோறு இறங்காததாலதான்.

மே மாதம் ஒவ்வொரு ரீமும் விளையாடுறவையின்ர பேரையும் விடுகைப் பத்திரத்தையும் அனுப்பினது. அதை அடிச்சு ஒழுங்குபடுத்துற வேலையையும் கமிற்றி அவவின்ர தலையில கட்டினது. பெரிய மரியாதை எண்டால் பெரிய வேலை. ஐஞ்சாமிடத்தில நிக்கிற வடகரை மத்திய கல்லூரியின்ர பேரை அடிக்கேக்கை ஜெஸ்ரின் எண்டு ஒரு பேர் வந்தது. அவ கையை நிப்பாட்டினா.

ஜெஸ்ரினை எல்லாருக்கும் தெரியும். முப்பத்தொரு வயசு. சிரிச்சுக்கொண்டு வந்து கோல் அடிச்சிட்டுச் சிரிச்சுக்கொண்டு போவான். ஆனால் அவன் அரசடி இந்துவுக்கு விளையாடுறவன். மூண்டு வருசமா. அரசடி அந்த மூண்டு வருசத்தில அடிச்ச பதினெட்டுக் கோலில பன்னிரண்டு அவன்ர கால்.

பாலாம்பிகை அவனுக்குப் போன் எடுத்தா.

"தம்பி, நீர் அரசடியெல்லோ?"

"ஏழாம் வகுப்பு வரைக்கும் அரசடி அன்ரி. பிறகு வன்னிக்குப் போயிட்டம், அங்க ஒரு பள்ளிக்கூடம். பிறகு முகாமுக்குள்ள கூடாரப் பள்ளிக்கூடம். வெளிய வந்து ஏ-லெவல் வடகரை. ரெண்டு பத்திரமும் கிடக்கு."

"இந்த வருசம் ஏன் மாறினனீர்?"

"தயாளினியைக் கட்டினனான் எல்லே. அவவின்ர அண்ணை வடகரைக்குக் கப்டன். மச்சானுக்கு ஏலாதெண்டு சொல்ல ஏலுமே அன்ரி?"

ஏலாதுதான். சட்டத்திலயும் பிழையில்லை. பிழை எங்க இருந்ததெண்டால் பாலாம்பிகையின்ர கணக்கில. அவ ஆளுக்குக் கணக்குப் போடேல்லை, பள்ளிக்கூடத்தின்ர பேருக்குக் கணக்குப் போட்டிருக்கிறா. இந்த ஒன்பது வருசமாக் கமிற்றி செய்யுதெண்டு எந்தக் குற்றத்தைச் சொன்னாவோ, அதே குற்றம்.

லப்டொப்பைத் திறந்து, ஜெஸ்ரின்ர பன்னிரண்டையும் கழிச்சுத் திருப்பிப் போட்டா. அரசடி தொண்ணூற்றெட்டுக்கு இறங்கிச்சு. இப்ப பதினாறாமிடம் புளியங்கரை. நாலு தரம் திருப்பிப் போட்டுப் பாத்தா. நாலு தரமும் புளியங்கரை.

இப்ப விளங்கும் அவவுக்கு வந்த வில்லங்கம். பேசாம இருந்தால் பேர் நிக்கும், பிழையும் நிக்கும். சொன்னால், மனிசனுக்காகப் பட்டியலைத் திருத்தினவ எண்டு சனம் சொல்லும். அதுக்குப் பிறகு அந்தத் தாளில வடை சுத்தவும் ஆக்கள் வராயினம்.

கணேசலிங்கம் வேலையால வர, சப்பாத்துக் கழட்ட முதலே சொன்னா. மனிசன் துள்ளிக் குதிக்கும் எண்டு நீங்கள் நினைப்பியள். நானும் அப்பிடித்தான் நினைச்சனான். அவர் ஒரு சப்பாத்தோட படியில இருந்திட்டார்.

"விடும்" எண்டார்.

"என்னத்தை விட?"

"எங்களுக்கு இந்த வருசம் வேண்டாம். நீர் எவ்வளவு பாடுபட்டு இவங்களை நம்ப வைச்சனீர். இப்ப போய் இதைச் சொன்னால் உம்மைக் கிழிச்சுத் தொங்க விடுவாங்கள்."

"உங்கட பெடியளுக்கு என்ன சொல்லுவியள்?"

"பெடியளுக்கு நான் சொல்லுறன்."

"நீங்கள் பதினாறு, கணேஸ். வெளிய விட எனக்கு உரிமையில்லை."

"நீர் என்ர மனிசி. எனக்காக ஒண்டு செய்யுமன். பேசாம இரும்."

"ஏலாது" எண்டா.

அடுத்த ஞாயிறு வெம்பிளியில ஒரு கடைக்குப் பின்னால இருக்கிற ஹோலில கமிற்றி கூடினது. ரீம் கப்டன்மாரும் வந்தவை. பாலாம்பிகை எழும்பி விசயத்தைச் சொல்லி முடிக்க முதலே வாமதேவன் சிரிச்சிட்டார்.

"அக்கா, வீட்டில அடுப்பு எரியேல்லையோ?"

ஹோல் முழுக்கச் சிரிப்பு. கணேசலிங்கம் நிலத்தைப் பாத்தார்.

"அடுப்பு எரிக்கிறது அவர்தான். நான் வர ஏழு மணியாகும்" எண்டா அவ. "வாமதேவன், நீங்கள் எத்தினை பள்ளிக்கூடம் படிச்சனீங்கள்?"

"நானோ? நான் ஒண்டு... இல்லை, தொண்ணூற்றைஞ்சில இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் ஒரு வருசம். பிறகு கிளிநொச்சி. மூண்டு."

"பக்கத்தில?"

"ரெண்டு."

"அவருக்குப் பக்கத்தில?"

"நாலு."

ஒவ்வொருத்தராக் கேட்டுக்கொண்டு போனா. கமிற்றியில இருந்தது பன்னிரண்டு பேர். பள்ளிக்கூடம் இருபத்தொன்பது. சிரிப்பு எப்ப நிண்டதெண்டு தெரியாது.

"எங்கட ஆக்களை ஒரு பள்ளிக்கூடத்தில கட்டி வைக்கேலாது. ஓட ஓடப் படிச்ச சனம். இதை மறந்துபோய் நான் கணக்குப் போட்டிட்டன். விளையாடுறது பேரில்லை, கால். ஜெஸ்ரின்ர கால் இப்ப வடகரையில. அரசடி பதினேழு, புளியங்கரை பதினாறு."

"அக்கா, பட்டியல் வெளிய போயிட்டுது. இப்ப மாத்தினால் மனிசனுக்காக மாத்தினதெண்டுதான் சொல்லுவாங்கள்."

"சொல்லட்டும். பிழையைப் பிழையெண்டு சொல்ல எனக்கு ஆரின்ர கையெழுத்தும் தேவையில்லை."

அப்பதான் அரசடியின்ர கப்டன் யனுஷன் எழும்பினான். இஞ்ச பிறந்த பெடியன், அப்பன்ர பத்திரத்தில விளையாடுறவன். "ஆன்ரி, இற்ஸ் ஓகே. நாங்களும் அங்கிளின்ர ரீமும் ஒரு மட்ச் விளையாடுவம். போட்டி நாளண்டைக்குக் காலமை எட்டரைக்கு. ஆர் வின் பண்ணுகினமோ அவை பதினாறு."

எல்லாரும் கை தட்டினம். பிரச்சினை முடிஞ்ச சந்தோசம். பாலாம்பிகை மட்டும் தட்டேல்லை.

"ஒரு மட்ச் ஒண்டும் சொல்லாது" எண்டா.

"என்னக்கா இது? மட்ச்சை விட வேற என்ன சொல்லும்?"

"ரெண்டு ரீமும் பத்துத் தரம் விளையாடினால் ஆறு தரம் புளியங்கரை வெல்லும், நாலு தரம் அரசடி வெல்லும். ஒரே ஒரு தரம் விளையாடினால் ஆர் எண்டு ஆர்ச்வே கோயில் முருகனுக்கும் தெரியாது."

"அப்ப பத்து மட்ச் வைப்பமோ?" எண்டு வாமதேவன் நக்கலடிச்சார்.

"வைச்சால் நல்லம்" எண்டா. நக்கலில்லை, உண்மையாத்தான் சொன்னவ. ஆனால் கமிற்றி ஒரு மட்ச் எண்டு முடிவெடுத்தது. கமிற்றியள் அப்பிடித்தான். தான் முடிவெடுக்கப் பயந்தால் பந்தை முடிவெடுக்க விடும்.

எங்கட சனம் எட்டரைக்கு எண்டால் பத்தரைக்கு வரும். அண்டைக்கு எட்டு மணிக்கே இருநூறு பேர் மைதானத்தைச் சுத்தி நிண்டது. மழை தூறிக்கொண்டு இருந்தது. வடகரை உடுப்பில ஜெஸ்ரின் ஒரு மூலையில தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டவன், ஏதோ கலியாணம் கட்டினதே குற்றம் எண்ட மாதிரி.

இருபது நிமிசமும் பந்து புளியங்கரையின்ர காலிலதான். மூண்டு தரம் கம்பத்தில பட்டது. ஒண்டை அரசடிப் பெடியள் கோட்டில நிண்டு தலையால தட்டினாங்கள். கணேசலிங்கம் குடையை எறிஞ்சு போட்டுக் கத்தினார். பாலாம்பிகை மேசையில இருந்து எழுதினா. கம்பத்தில பட்டதையும் விடேல்லை. கடைசி நிமிசம் யனுஷன் தூரத்தில இருந்து ஒண்டு அடிச்சான். கோலுக்குப் போற அடியே இல்லை. புளியங்கரைப் பெடியன் ஒருத்தன்ர முதுகில பட்டுத் திரும்பி உள்ளுக்குப் போச்சு. ஒண்டுக்குப் பூச்சியம். றெஃபரி ஊதினார். புளியங்கரை வெளிய.

கூட்டத்துக்குள்ள இருந்து ஒருத்தன் கத்தினான்: "கணக்கு ரீச்சர், என்ன மாதிரி? ஆறு தரம் எங்க?"

பாலாம்பிகை வாய் திறக்க முதல் கணேசலிங்கம் திரும்பினார். நனைஞ்சு போய், தோத்த மனிசன்.

"டேய், நாலு தரம் அரசடி வெல்லும் எண்டும் அவ சொன்னவ. உனக்குக் காது ஆறோட நிண்டுட்டுதோ? இது அந்த நாலில ஒண்டு. கணக்கு விளங்காட்டி வாயை மூடிக்கொண்டு நில்!"

பாலாம்பிகை அவரை நிமிந்து பாத்தா. முப்பது வருசம் கட்டின மனிசன் அவவின்ர கணக்கைப் பிழையில்லாமல் சொன்னது அண்டைக்குத்தான் எண்டு நினைக்கிறன்.

அங்கால வாமதேவன் மைக்கை எடுத்திட்டார். "அன்பான பழைய மாணவர்களே! பாலாம்பிகை அக்காவின்ர கணவரின்ர ரீம் தோத்துப் போச்சு. அக்கா ஒரு நேர்மையான ஆள் எண்டு இண்டைக்கு நிரூபணமாயிட்டுது! எல்லாரும் ஒருக்காக் கை தட்டுங்கோ!"

சனம் தட்டினது. பெரிய கை தட்டு. வேற ஆளெண்டால் கும்பிட்டிட்டு இருந்திருக்கும். இவ பேனையை வைச்சிட்டு, மழைக்குள்ளால நடந்து நேர வாமதேவனிட்டப் போனா.

"அதைத் திருப்பி எடுங்கோ, வாமதேவன்."

"என்னக்கா, பாராட்டினனான்!"

"தோத்ததால நான் நேர்மையெண்டால், அந்தப் பந்து கம்பத்தில படாமல் உள்ளுக்குப் போயிருந்தால் நான் கள்ளியோ?"

மைக் திறந்துதான் கிடந்தது. மைதானம் முழுக்கக் கேட்டது. கொத்துப் போட்டவனும் தட்டுறதை நிப்பாட்டினான். வாமதேவன் மைக்கை இறக்கினார்.

"நான் என்ன சொல்ல வேணும் அக்கா?"

"உள்ளதை."

மனிசன் மைக்கைத் திருப்பி வாய்க்குக் கிட்டக் கொண்டு வந்தார். "சரி. அக்காவின்ர திருத்தின பட்டியல் சரி. மட்ச்சில அரசடி வெண்டது. அது வேற, இது வேற." கொஞ்சம் நிப்பாட்டி, ஆரும் சொல்லிக் குடுக்காமலே இன்னொண்டு சொன்னார். "அண்டைக்கு ஹோலில அடுப்பு எரியேல்லையோ எண்டு கேட்டதும் நான்தான். அது பிழை."

இதுக்கு ஆரும் கை தட்டேல்லை. ஜெஸ்ரின் மட்டும் மூலையில நிண்டு ஒரு விசிலடிச்சான். அவவுக்கு அது காணும். தலையை ஆட்டிப்போட்டு மேசைக்குத் திரும்பி வந்தா.

அடுத்த மட்ச் தொடங்கிட்டுது. இந்த முறை கொப்பியில பள்ளிக்கூடத்தின்ர பேருக்குப் பக்கத்தில ஒரு கோடு கீறி, விளையாடுற ஒவ்வொருத்தன்ர பேருக்கும் தனித்தனி இடம் விட்டிருந்தா. கணேசலிங்கம் தோத்த கவலையில கோட்டோரம் குந்தாமல் நிமிந்து நிண்டுகொண்டு இருந்தார், நல்ல அகலமான மனிசன்.

"இஞ்சேருங்கோ, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" எண்டா. "ஆர் அடிச்சதெண்டு தெரியேல்லை."

அவர் தள்ளி வந்து அவவின்ர கதிரைக்குப் பின்னால நிண்டார். "ஒன்பதாம் நம்பர். குகதாசன்ர மூத்தவன்" எண்டு சொன்னார். அவ எழுதினா.